ஓய்வுக்குப் பின் ஊழியம்: மார்மன் மூத்த தம்பதிகளின் புறப்பாடு

2001 ஏப்ரலில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய பொது மாநாட்டில், ராபர்ட் டி. ஹேல்ஸ் என்ற அப்போஸ்தலர் ஓய்வுபெற்ற தம்பதிகளைப் பார்த்துப் பேசினார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது எல்லோரும் மார்மன் சபை என்று சொல்லும் சபை, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட கணவன் மனைவியரை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறது. தேவைப்படும் அளவுக்கு ஆள் வருவதில்லை. வராததற்கு ஹேல்ஸ் நான்கு காரணங்களை எடுத்துவைத்தார்: பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, தங்களுக்கு ஏற்ற வேலை கிடைக்குமா என்ற சந்தேகம், பணம். விசுவாசக் குறைவு என்பதை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. பிரசங்க மேடையில் ஏறுகிறவர்கள் வழக்கமாக முதலில் கைவைப்பது அதில்தான். அவர் வைக்காததால் அந்தப் பேச்சு இன்றைக்கும் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

அதற்குப் பிறகு இந்த ஊழியத்துக்கான விதிகளில் சபை செய்த மாற்றங்கள் எல்லாமே அந்த நான்குக்குமான பதில்கள்தான். என் கணிப்பில், பயத்துக்கும் வேலைப் பொருத்தத்துக்கும் சபை ஏறக்குறைய வழி கண்டுவிட்டது. குடும்பக் கவலைக்கு யாராலும் வழி காண முடியாது. பணத்துக்கு வழி காணும் வசதி இருந்தும் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது.

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்கள்தான் இந்தச் சபையின் உலகறிந்த முகம். 2024 முடிவில் அப்படி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் களத்தில் இருந்தார்கள். ஆண்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த நாடு, யாரோடு தங்குவது, எத்தனை மணிக்கு எழுவது என்று எதிலும் அவர்களுக்குத் தேர்வு கிடையாது. மூத்த தம்பதிகளும் அதே பெயர்ப்பட்டையை அணிகிறார்கள் என்றாலும் அவர்களுக்கான ஏற்பாடு வேறு. வீட்டில் வளர்ப்பதற்குப் பிள்ளைகள் இருக்கக் கூடாது, உடல்நலம் இருக்க வேண்டும், உள்ளூர் ஆயரும், பல உள்ளூர்ச் சபைகளை மேற்பார்வையிடும் பிணையத் தலைவரும் நேர்காணல் செய்து பரிந்துரைக்க வேண்டும். காலம் 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை. வீடு வீடாகக் கதவைத் தட்டச் சொல்வதில்லை. பிள்ளைகளோடு எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். இளம் ஊழியர்களுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேச அனுமதி கிடைத்ததே 2019 பிப்ரவரியில்தான்.

தம்பதியாகப் போவது இந்தச் சபையின் ஆரம்ப வழக்கம் அல்ல. 1830இல் சபை தோன்றிய பிறகு பல பத்தாண்டுகள் ஊழியத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மணமான ஆண்கள். மனைவியும் குழந்தைகளும் ஊரிலேயே இருப்பார்கள். 1839இல் பிரிகாம் யங் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அவருக்கே காய்ச்சல். மனைவி பிரசவித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சபை வரலாற்றில் இது தியாகமாகச் சொல்லப்படுகிறது. அந்த மனைவியின் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

லூயிசா பார்ன்ஸ் பிராட்டின் வாழ்க்கையில் இதன் இரண்டு பக்கங்களையும் பார்க்கலாம். கணவர் அடிசன் பிராட் முன்னாள் கப்பலோடி. 1843இல் நாவூ நகரத்திலிருந்து பசிபிக் தீவுகளுக்கு ஊழியத்துக்கு அனுப்பப்பட்டார். லூயிசா நான்கு பெண்குழந்தைகளோடு தனியே இருந்தார். நாவூவிலிருந்து மார்மன்கள் விரட்டப்பட்டபோது அந்த நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வண்டியில் மேற்கே பயணப்பட்டார். 1848இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் கணவரைத் திரும்பப் பார்த்தபோது ஐந்து வருடம் ஓடிவிட்டிருந்தது. அடுத்த ஆண்டே அடிசனுக்கு மறுபடி அழைப்பு. இந்தத் தடவை லூயிசா வீட்டோடு இருக்கவில்லை. 1850இல் மகள்களோடு கப்பலேறி துபுவாய் தீவுக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாடம் நடத்தினார். பிற்காலத்தில் அவர் யூட்டாவிலும் கணவர் கலிபோர்னியாவிலுமாகப் பிரிந்தே வாழ்ந்தார்கள். முதல் ஐந்து வருடப் பிரிவு அந்தத் திருமணத்தைக் கடைசிவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மணமாகாத பெண்கள் முறைப்படி பிரசங்க ஊழியத்துக்கு அழைக்கப்பட 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகும் இன்றைய ஏற்பாடு நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்.

அந்த ஏற்பாட்டின் பலம் முழுதாக வெளிப்பட்ட ஆண்டு 1978. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் மறுத்துவந்த தடையை அந்த ஜூனில் சபை நீக்கியது. நைஜீரியாவிலும் கானாவிலும் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே, ஞானஸ்நானம் கொடுக்க யாரும் வராமலேயே, தாங்களாக இந்தச் சபையின் பெயரில் கூடி வழிபட்டுவந்த குழுக்கள் இருந்தன. அவர்களிடம் முதலில் அனுப்பப்பட்டவர்கள் இளைஞர்கள் அல்ல. ரெண்டெல் மேபி, ரேச்சல் மேபி என்ற தம்பதியும், எட்வின் கேனன், ஜேனத் கேனன் என்ற தம்பதியும். நவம்பர் 21 அன்று நைஜீரியாவில் அந்தோணி ஒபின்னாவும் அவரைச் சேர்ந்தவர்களுமாக 19 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஓராண்டுக்குள் இரண்டு நாடுகளிலுமாகச் சேர்த்து எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பதின்ம வயதைத் தாண்டாத பையன்களை அனுப்பியிருந்தால், பல வருடம் காத்திருந்து தலைநரைத்த ஒபின்னா போன்ற பெரியவர்களுக்கு எதிரில் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? தடையை விதித்தது ஏன், நீக்கியது ஏன் என்ற கேள்விகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கவாவது வயது வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஹைதராபாதில் இன்னொன்று நடந்தது. எட்வின் தர்மராஜு பூச்சியியல் நிபுணர். வேலைக்காகச் சமோவா தீவில் குடியிருந்தவர். அங்கேதான் அவரும் மனைவி எல்சியும் சபையில் சேர்ந்தார்கள். உறவினருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்பியபோது சபை அவர்களையே ஊழியத் தம்பதியாக நியமித்து ஊருக்கு அனுப்பியது. குடும்பத்தில் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைப் பிறகு தெலுங்கில் மொழிபெயர்த்தவர் எல்சி. நம் பக்கத்தில் கோயம்புத்தூரின் பால் திருத்துவதாஸ் 1960களிலேயே சபையில் சேர்ந்திருந்தார். ஆனால் இந்தியாவுக்கென்று தனி மிஷன், அதாவது ஊழியத்துக்கான நிர்வாகப் பிரிவு, 1993இல்தான் பெங்களூரில் வந்தது. அதன் முதல் தலைவர் குர்சரண் சிங் கில், பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அவரும் மனைவியோடுதான் வந்தார். இந்தியாவில் இந்தச் சபை வேர்விட்ட விதத்தில் தம்பதிகளின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

இனி அந்த நான்கு காரணங்கள். பயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். வேதம் தெரியாது, பேச வராது, புது மொழி நாக்கில் ஏறாது, முழங்கால் ஒத்துழைக்காது என்பவைதான் பெரும்பாலும் அந்தப் பயம். புரோவோ நகரத்துப் பயிற்சி மையத்தில் மூத்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு வாரம்தான் பயிற்சி. கொரோனாவுக்குப் பிறகு அதையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடிக்க முடிகிறது. மொழி கற்க விரும்புகிறவர்களுக்கு ஆசிரியர் உண்டு, கட்டாயம் இல்லை. தவிர, 2018இல் ரசல் எம். நெல்சன் சபையின் தலைவரானபோது அவருக்கு வயது 93. தொண்ணூற்று மூன்றில் உலகம் சுற்றிய ஒருவரைத் தலைவராகக் கொண்டிருந்த சபையில் அறுபத்தாறு வயதுக்காரர் தள்ளாமையைக் காரணம் காட்டினால் எடுபடாது.

மருத்துவப் படிவம் மட்டும் பொய் சொல்ல விடாது. மருத்துவர், பல் மருத்துவர் இருவரும் பார்த்து எழுத வேண்டும்: எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, செய்த அறுவைச் சிகிச்சைகள், தினமும் விழுங்கும் மாத்திரைகள், மனநல வரலாறு. எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை விருப்பத்தைவிட இந்தத் தாள்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. இதய மருத்துவர் இல்லாத தீவுக்கு ஸ்டென்ட் வைத்தவரை அனுப்புவதில்லை. 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அமெரிக்காவைத் தாண்டினால் பெரும்பாலும் செல்லாது என்பதால் வெளிநாடு போகிறவர்கள் தனிக் காப்பீடும் எடுத்தாக வேண்டும்.

வேலைப் பொருத்தம் என்ற சிக்கலைச் சபை நன்றாகவே அவிழ்த்திருக்கிறது. இன்று மூத்தவர்களுக்கான பணியிடங்கள் ஒரு பட்டியலாகவே வெளியிடப்படுகின்றன. தம்பதிகள் அதைப் பார்த்து விருப்பம் தெரிவிக்கலாம், நியமிப்பது அப்போஸ்தலர்கள். ஆலயப் பணி, வம்சாவளி ஆவணங்களை டிஜிட்டல் ஆக்குதல், நாவூ போன்ற வரலாற்று இடங்களில் வழிகாட்டுதல், மனிதாபிமான உதவி, சிறிய கிளைச் சபைகளில் அனுபவமில்லாத தலைவர்களுக்குத் துணை நிற்பது என்று பல விதம். பிறந்தவுடன் மூச்சுவிடாத சிசுவைக் காப்பாற்றும் முறையைக் கிராமத்துச் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஓய்வுபெற்ற மருத்துவர்களும் நர்சுகளும் போகிறார்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு, வீட்டிலிருந்தபடி வாரம் 8 மணி நேரமாவது செய்யும் சேவை ஊழியமும் உண்டு.

ஆனால் பலருக்குக் கிடைப்பது மிஷன் அலுவலகம்தான், அங்கே ஆன்மிகத்தைவிட ரசீது அதிகம். ஒரு மிஷனில் நூறு, நூற்றைம்பது இளைஞர்கள் என்றால் எத்தனை வாடகை வீடு, எத்தனை கார், எத்தனை விசா புதுப்பித்தல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதையெல்லாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு மூத்த தம்பதி. அவர்களுடைய வேலைகளில் ஒன்று வீட்டுச் சோதனை. நான்கு பையன்கள் தங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைகிறார்கள். கணவர் ஸ்டூலில் ஏறிக் கூரையிலுள்ள புகை அலாரத்தின் பொத்தானை அமுக்கி ஒலிக்கிறதா என்று பார்க்கிறார். கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் பார்க்கிறார். மனைவி நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறக்கிறார். பூசணம் பிடித்த ரொட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை மேசையில் வைக்கிறார். ஒருவனுடைய இருமல் சரியில்லை என்று பட்டால் மருத்துவரிடம் நேரம் வாங்குகிறார். சோதனைத் தாளில் இதற்கெல்லாம் இடம் இல்லை. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்த பையனுக்கு ஞாயிறு பிரசங்கத்தைவிட இந்த வருகை பெரிது. மூத்த தம்பதிகள் இல்லையென்றால் இளைஞர்களின் ஊழியமே நொண்டியடிக்கும் என்பதைச் சபைத் தலைமை அறியும். 2023 அக்டோபரில் ரொனால்ட் ஏ. ராஸ்பேண்ட் என்ற அப்போஸ்தலர் மாநாட்டில் மறுபடியும் மூத்தவர்களிடம் வேண்டுகோள் விடுத்தார். ஹேல்ஸ் பேசி 22 ஆண்டு கழித்தும் ஆள் தேவை தீரவில்லை.

அதற்கு முக்கியக் காரணம் குடும்பம். நம் வீடுகளில் ஓய்வுபெற்றவர்கள் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள டல்லாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் விசிட்டர் விசாவில் பறக்கிறார்கள். யூட்டாவில் அதே வயதுக்காரர்களிடம், பேரக்குழந்தைகளை விட்டுவிட்டு வெளியே போகச் சொல்கிறது சபை. அதுவும் எந்தச் சபை? குடும்ப உறவு மரணத்துக்குப் பிறகும் தொடரும் என்று போதித்து, ஆலயத்தில் அதற்கென்றே சடங்கு நடத்துகிற சபை. எட்டு வயதில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். பல குடும்பங்களில் தண்ணீரில் இறங்கி அதைச் செய்து வைப்பவர் தகப்பனோ தாத்தாவோதான். பேரக்குழந்தைகள் நிறைய இருக்கும் வீட்டில் எந்த 18 மாதத்தை எடுத்தாலும் ஒரு ஞானஸ்நானம், ஒரு கல்யாணம், ஒரு பிரசவம் விடுபடத்தான் செய்யும். 2011இல் சபை இதில் கொஞ்சம் இறங்கிவந்தது: முக்கியமான குடும்ப நிகழ்ச்சிக்காகச் சொந்தச் செலவில் ஒரு வாரம், பத்து நாள் ஊருக்கு வந்து திரும்பலாம், 6 மாத ஊழியமும் உண்டு என்று அறிவித்தது.

பேரக்குழந்தை ஏக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதிகம் பேசப்படாத கட்டு மேல் தலைமுறை. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இன்று தொண்ணூறு வயதுத் தாய் இருப்பது சாதாரணம். பேரனை வீடியோவில் பார்த்துச் சமாளிக்கலாம். மறதி நோய் வந்த தாய்க்கு வீடியோ உதவாது. தம்பியோ தங்கையோ பொறுப்பேற்க வேண்டும், அதற்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும், சபையில் இல்லாத தங்கையாக இருந்தால் ஏன் சம்மதிக்க வேண்டும்? விவாகரத்தாகித் திரும்பிவந்த மகள், வேலை நிலைக்காத மகன் என்று வேறு சில வீடுகளில் வேறு சில கட்டுகள். கிளம்பியவர்களைப் பார்த்து விசுவாசம் மிகுந்தவர்கள் என்றும் நின்றவர்களைப் பார்த்துக் குறைந்தவர்கள் என்றும் சபையார் மனதுக்குள் எடைபோடுவது உண்டு. அது அநியாயம். இந்தக் குடும்பக் கட்டுகளை எந்த விதித் தளர்வாலும் அவிழ்க்க முடியாது.

இன்னொன்றை ஹேல்ஸின் பட்டியல் தொடவில்லை. நாற்பது வருடம் காலை எட்டு மணிக்கு வெளியே போய் மாலை ஆறுக்கு வந்தவரும், அந்தப் பத்து மணி நேரத்தைத் தன் போக்கில் நடத்தியவரும், இப்போது ஒரே அலுவலகம், ஒரே கார், ஒரு படுக்கையறை வீடு என்று நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்க வேண்டும். நண்பர்கள் இல்லை, தோட்டம் இல்லை, பட்டறை இல்லை. காரோட்டுவது யார், வழி சொல்வது யார் என்பதிலேயே முதல் மாதச் சண்டைகள் முடிந்துவிடும். சபை ஒழுங்கில் ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. சிறிய கிளைக்குத் தலைவராக நியமிக்கப்படுவது கணவராகத்தான் இருக்க முடியும். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் என்றாலும் மனைவிக்கு அந்த இடம் கிடையாது. இருந்தும் களத்தில் கணக்கு, மருத்துவம், ஆறுதல் என்று மனைவியின் கை ஓங்கியே இருக்கிறது. புறப்படும் முன் தம்பதிகள் உயில் எழுதுகிறார்கள், வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள் அல்லது மகளைக் குடிவைக்கிறார்கள், வங்கிக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கிறார்கள். இத்தனை தயாரிப்புக்கு நடுவில், நாள் முழுக்க ஒன்றாக இருப்பதைப் பற்றி ஒரு மாலை உட்கார்ந்து பேசிக்கொண்டால் நல்லது.

கடைசியில் பணம். இந்தச் சபையில் உள்ளூர் ஆயர்களுக்குச் சம்பளம் இல்லை. ஊழியம் என்றால் தன் செலவில்தான் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அமெரிக்க இளைஞர்களின் குடும்பம் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் கட்டுகிறது. லண்டன் என்றாலும் லிமா என்றாலும் அதே தொகை. மூத்தவர்களுக்கு அந்தச் சமன்பாடு இல்லை. போகிற ஊரின் விலைவாசிதான் அவர்களுடைய செலவு. வாடகை மிகுந்த நகரங்களுக்குப் போக ஆளே கிடைக்காத நிலையில், குடியிருக்கும் வீட்டுக்கான செலவு மாதம் 1,400 டாலரைத் தாண்டினால் மீதியைச் சபை ஏற்கும் என்று 2011இல் உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல மாற்றம். ஆனாலும் சாப்பாடு, காப்பீடு, மருந்து எல்லாம் சொந்தப் பொறுப்பு. வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுப்பதும் நிற்பதில்லை.

இந்தக் கணக்கை வேறொரு கணக்கோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்குக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. பங்கு முதலீடுகளைப் பல பெயரளவு நிறுவனங்களின் பெயரில் காட்டி மொத்த அளவை மறைத்தது குற்றம். 2018 வாக்கில் அந்தப் பங்குகளின் மதிப்பு சுமார் 3,200 கோடி டாலர் என்று ஆணையம் சொன்னது. சட்ட ஆலோசனைப்படி நடந்ததாகவும், தவறுக்கு வருந்துவதாகவும் சபை பதில் சொன்னது. சேமிப்பு எதிர்காலத் தேவைக்கு என்பது அதன் நிலைப்பாடு. சேமிப்பதில் தப்பில்லை. அவ்வளவு கையிருப்புள்ள சபை, ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியிடம் மாத வாடகையையும் வாங்கிக்கொண்டு அவர்களிடமே அலுவலகக் கணக்கையும் எழுதச் சொல்வது எந்த அளவுக்கு நியாயம் என்பது வேறு கேள்வி. தன் செலவில் செய்யும் ஊழியத்தில் ஒரு கௌரவம் உண்டு, அதைக் காசுகொடுத்துக் கெடுக்காதீர்கள் என்று மூத்த ஊழியர்களில் பலரே சொல்வார்கள். வசதியுள்ளவர்கள் அப்படிச் சொல்வதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

வசதியில்லாதவர்கள் எங்கே என்று பார்த்தால் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள். சபையின் ஒன்றே முக்கால் கோடி உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று அங்கேதான். நைஜீரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஹைதராபாதிலும் பிள்ளைகளைக் கரையேற்றிய தம்பதிகள் நிறைய; சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் சேமிப்புத் திட்டமும் உள்ளவர்கள் குறைவு. வயதான பெற்றோர் மகன் வீட்டில் இருந்துகொண்டு பேரக்குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதுதான் அங்கே குடும்பப் பொருளாதாரம். இந்தியாவிலோ வெளிநாட்டு ஊழியர்களுக்கு விசா கிடைப்பதே அரிது. உள்ளூர்த் தம்பதிகளின் தேவை இங்கே மற்ற இடங்களைவிட அதிகம். எட்வினும் எல்சியும் 1978இல் செய்ததை எந்த அமெரிக்கத் தம்பதியும் செய்திருக்க முடியாது. அவர்கள் உள்ளே நுழைந்தது சொந்த வீட்டுக் கதவு வழியாக.

ஆகவே என் தீர்ப்பு இது. வாடகைக்கு உச்சவரம்பு வைத்த சபை அடுத்த படியையும் எடுக்க வேண்டும். ஓய்வூதியம் இல்லாத நாடுகளின் தம்பதிகளுக்குச் சாப்பாடு, வாடகை, மருத்துவம் மூன்றையும் மையநிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அதைச் செய்யாதவரை மூத்த தம்பதி ஊழியம் பெரும்பாலும் அமெரிக்கக் கடவுச்சீட்டும் ஓய்வூதியமும் உள்ளவர்களின் ஊழியமாகவே இருக்கும்.